முகத் தழும்புக்கு லேசர்: எவ்வளவு மாறும், எவ்வளவு மாறாது?

ஈப்போவிலும் சுற்றியுள்ள சிறு நகரங்களிலும் அழகு நிலையங்களின் கண்ணாடிக் கதவுகளில் 'லேசர்' என்ற சொல் இன்று சாதாரணமாகிவிட்டது. கூடவே 'தழும்பை நீக்கும்', 'பழைய முகம் திரும்பும்' என்ற வாசகங்களும் இருக்கும். லேசரால் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. பலன் உண்டு. ஆனால், தழும்பை முழுவதுமாக அழிக்கும் லேசர் எதுவும் உலகில் இல்லை. தழும்பின் மேடு பள்ளத்தைக் குறைத்து, நிறத்தைச் சுற்றியுள்ள தோலோடு ஓரளவு ஒன்ற வைப்பதே அதன் வேலை. இதைத் தெரிந்துகொண்டு போகிறவர் பெரும்பாலும் திருப்தியோடு திரும்புவார். தெரியாமல் போகிறவர் பணத்தையும் மன நிம்மதியையும் இழக்கலாம்.

பேராக் தோட்டப்புறங்களில் முகத் தழும்பு புதிய செய்தி அல்ல. பெரியம்மையின் குழிகளோடு வாழ்ந்த தாத்தா பாட்டிமார்களை மூத்த வாசகர்கள் பார்த்திருப்பார்கள். பால் உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் தெறித்த முகங்கள், கார்பைடு போட்டு மூங்கில் பீரங்கி வெடித்தபோது சுட்டுக்கொண்ட பையன்கள், தீபாவளிப் பட்டாசு, செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கல் என்று காரணங்கள் பல. இன்று இவற்றை எல்லாம்விட அதிகம் தென்படுவது முகப்பரு விட்டுச்சென்ற குழிகள்தான். லயன் வீட்டில் இருந்தவரை தழும்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் தாமான்களுக்குக் குடியேறி, வங்கி முகப்பிலும் தங்கும் விடுதியிலும் வேலைக்கு நிற்கும்போது, பெண் பார்க்க வரும்போது, அதே தழும்பு வேறு கனம் பெறுகிறது. அந்தக் கவலையை 'வெறும் அழகுக்காக' என்று ஒதுக்குவது நியாயமில்லை. அதைக் காசாக்குகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பதும் அவசியம்.

லேசர் தோலில் என்ன செய்கிறது?

தழும்பு என்பது உடல் அவசரத்தில் போட்ட ஒட்டு. காயம் தோலின் ஆழ்ந்த அடுக்கைத் தொட்டால், உடல் கொலாஜன் என்ற நார்ப்பொருளை அள்ளிப் போட்டு அடைக்கிறது. கொலாஜன் குறைந்தால் குழி, கூடினால் மேடு. லேசர் அந்த இடத்தில் கணக்கிட்ட அளவில் புதிய சிறு காயத்தை உண்டாக்கி, உடலை மறுபடியும் ஒழுங்காக நெய்யத் தூண்டுகிறது. ஆக, உண்மையான வேலையைச் செய்வது நம் தோல்தான்.

இதற்கு அதிகம் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். அதன் ஒளியை நீர் உறிஞ்சிக்கொள்ளும். தோலில் நீர் நிறைய இருப்பதால், தொட்ட இடம் நொடிக்கும் குறைவான நேரத்தில் ஆவியாகிவிடும். தொடக்கத்தில் முகத்தின் மேல் தோலை முழுதாக உரித்தெடுத்தார்கள். பலன் அதிகம் இருந்தது, ஆனால் ஆறுவதற்கு வாரக்கணக்கானது, கருத்த தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறியது. 2004-இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 'பிராக்‌ஷனல்' முறையை வெளியிட்டார்கள். ஒளியை ஊசி முனை அளவிலான ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பிரித்து, புள்ளிகளுக்கு இடையே நல்ல தோலை விட்டுவைப்பதே இதன் நுட்பம். நாற்று நெருக்கமாக நடாமல் இடைவெளி விட்டு நடுவது போல. விட்டுவைத்த நல்ல தோல், புண்பட்ட புள்ளிகளைச் சீக்கிரம் ஆற்றுகிறது. இன்று தழும்புக்கு லேசர் என்று பேசும்போது பெரும்பாலும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

நம் நிறத்துக்கு நிதானம் தேவை

இணையத்தில் காணும் 'முன், பின்' படங்களில் பல வெள்ளைத் தோல்காரர்களுடையவை. தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையிலான வகைக்குள் வருவார்கள். இந்தத் தோலில் நிறமி செல்கள் சுறுசுறுப்பானவை. கொசு கடித்த இடம்கூட மாதக்கணக்கில் கறுத்து நிற்பதை நாம் அறிவோம். லேசரின் சூட்டுக்கும் அவை அப்படியே எதிர்வினை காட்டும். தழும்பின் குழி குறைந்து, அதன் மேல் கருந்திட்டு படிந்துவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு நிலைமை முன்பைவிட மோசமாகவே தெரியும். இந்தக் கருமை பெரும்பாலும் சில மாதங்களில் மங்கும், சிலருக்கு ஓராண்டு வரை நீடிக்கும். அரிதாக நிறமி அழிந்து வெளுத்துப்போனால், அதைச் சரிசெய்வது மிகக் கடினம்.

ஆகவே நம் தோலுக்குக் குறைந்த அடர்த்தியில், அதிக இடைவெளி விட்டு, கூடுதல் அமர்வுகளில் செய்வதே முறை. முதலில் காதோரம் அல்லது தாடைக்குக் கீழே சிறு இடத்தில் சோதித்துப் பார்த்து, சில வாரம் கழித்து முகத்துக்கு வரும் மருத்துவர் காலம் கடத்தவில்லை. அவர் தொழில் தெரிந்தவர். 'ஒரே அமர்வில் முடித்துத் தருகிறேன்' என்பவரிடம் யோசிக்க வேண்டும்.

வெயில் இன்னொரு விஷயம். கிந்தா பள்ளத்தாக்கின் நண்பகல் வெயிலில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவரும், செம்பனைக் குலை வெட்டுகிறவரும், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சில வாரங்களாவது முகத்தை மூடியாக வேண்டும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில் தடுப்பு களிம்பை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். அகலமான தொப்பியும் வேண்டும். இது முடியாத வேலையில் இருப்பவர், விடுமுறை கிடைக்கும் காலத்துக்குச் சிகிச்சையைத் தள்ளிவைப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

தழும்பைப் பொறுத்தே சிகிச்சை

முகப்பருக் குழிகள் எல்லாம் ஒன்றல்ல. ஆணியால் குத்தியது போன்ற குறுகிய ஆழமான குழிக்கு லேசர் அடிமட்டம் வரை போய்ச் சேராது. அதற்கு அடர் அமிலத்தைத் துளித்துளியாக வைக்கும் முறையோ, சிறு அறுவையோ ஏற்றது. அலை அலையாகத் தாழ்ந்திருக்கும் பள்ளத்தில், தோலை அடியிலிருந்து நார் இழுத்துப் பிடித்திருக்கும். ஊசியால் அந்த நாரை அறுத்துவிட்ட பிறகுதான் மேலே செய்யும் எதுவும் பயன் தரும். கரை உள்ள அகலக் குழிகளும், சின்னம்மைத் தழும்புகளும், ஆழம் குறைவாக இருந்தால், பிராக்‌ஷனல் லேசருக்கு நன்றாக இசையும். ஒரே முகத்தில் மூன்று வகையும் கலந்திருப்பதே வழக்கம் என்பதால், லேசர் ஒன்றை மட்டும் வைத்திருக்கும் இடத்தில் முழுத் தீர்வு கிடைப்பது அரிது. நுண்ணூசிச் சிகிச்சை விலை குறைவு, கருமை ஏற்படும் அபாயமும் குறைவு. நம்மில் பலருக்கு அதுவே முதல் படியாகப் போதும்.

புதிதாகச் சிவந்து தடித்த விபத்துத் தழும்புக்கு, இரத்தக் குழாய்களைக் குறிவைக்கும் வேறு வகை லேசர் உண்டு. தீக்காயத் தழும்பு இறுகி வாயையோ கண் இமையையோ இழுத்தால், அது அழகு நிலையத்துக்கோ சாதாரண கிளினிக்குக்கோ உரியதல்ல. பிளாஸ்டிக் அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும்.

கெலாய்டு தனிக் கதை. காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் இந்தத் தடிப்பு கருத்த தோலில் அதிகம், குடும்பவழியாகவும் வரும். தாடை ஓரம், காது மடல் அதற்குப் பிடித்த இடங்கள். அதை லேசரால் சுட்டால் இன்னும் பெரிதாக வளரக்கூடும். ஸ்டீராய்டு ஊசியும் சிலிக்கோன் பட்டையும்தான் வழக்கமான தொடக்கம். குனோங் சீரோ சுப்பிரமணியர் ஆலயத்தில் தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் கன்னத்தில் அலகு குத்துகிறவர்களில் பலருக்குத் தழும்பே தெரிவதில்லை. கன்னத்தில் இரத்த ஓட்டம் அதிகம், கூர்மையான அலகு தசையை விலக்கிப் போகிறதே தவிர பிய்த்தெடுப்பதில்லை. ஆனால் வீட்டில் கெலாய்டு உள்ளவர்கள் இதை வைத்துத் துணிந்துவிடக் கூடாது.

முகப்பரு இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் அதை அடக்க வேண்டும். ஒருபுறம் குழி விழுந்துகொண்டே இருக்க, மறுபுறம் நிரப்புவது வீண் செலவு. பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர், கர்ப்பிணி, உதட்டில் அடிக்கடி அக்கி வருகிறவர் ஆகியோர் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

கல்யாணத் தேதிக்கு முன்

பொதுவாக மூன்று முதல் ஐந்து அமர்வுகள் தேவைப்படும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி, கருத்த தோலுக்குச் சில வேளை அதற்கும் மேல். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் போல முகம் சிவந்து, வீங்கி, பொருக்கு கட்டும். கடைசி அமர்வுக்குப் பிறகும் மூன்று முதல் ஆறு மாதம் வரை கொலாஜன் சீராகிக்கொண்டிருக்கும். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஓராண்டு. தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியில் போய் நிற்பதில் பயனில்லை. குழிகள் பாதியளவு ஆழம் குறைந்தால் அதை நல்ல பலன் என்றே நிபுணர்கள் கருதுகிறார்கள். 'எனக்கு எவ்வளவு குறையும், குறையாவிட்டால் அடுத்து என்ன?' என்று பணம் கட்டுமுன் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஒப்பனை இல்லாமல், ஒவ்வொரு அமர்வுக்கு முன்பும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியைத் தினமும் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது, படத்தில் தெரியும்.

எங்கே போவது?

மலேசியாவில் மருத்துவ லேசர் சிகிச்சை பதிவு பெற்ற மருத்துவரின் வேலை, அழகு நிலையப் பணியாளருடையது அல்ல. தோல் நிபுணரின் பெயர் தேசிய நிபுணத்துவ மருத்துவர் பதிவேட்டில் இருக்கும். பொது மருத்துவராக இருந்தால், அழகியல் சிகிச்சைக்குச் சுகாதார அமைச்சு வழங்கும் எல்.சி.பி. சான்று இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. சிகிச்சையின்போது உங்கள் கண்ணுக்கு மறைப்பு போடாத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

சந்தையில் விற்கும் வெளுக்கும் களிம்புகளை இதோடு கலக்க வேண்டாம். பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் கலந்த அழகுப் பொருள்களின் அனுமதியை தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு தொடர்ந்து ரத்து செய்துவருகிறது. எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்தே போகும். புதிய தீக்காயத்துக்குக் கிச்சாப்பும் பற்பசையும் வேண்டாம், இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுவதே பின்னால் வரும் தழும்பைக் குறைக்கும்.

தனியார் இடங்களில் ஓர் அமர்வுக்கே நூற்றுக்கணக்கான ரிங்கிட் ஆகும், ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. பத்து அமர்வுக்கு மொத்தமாகப் பணம் கட்டும் 'பேக்கேஜ்' எடுக்குமுன், அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் கேட்டுப் பாருங்கள். அழகுக்கான லேசர் அங்கே உடனே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், காத்திருக்கவும் நேரும். ஆனால் உங்கள் தழும்பு எந்த வகை, லேசர் அதற்குப் பொருந்துமா என்பதை, விற்பதற்கு எதுவும் இல்லாத ஒருவர் வாயால் கேட்கலாம். வேலையிடத்திலோ வேலைக்குப் போய்வரும் வழியிலோ ஏற்பட்ட விபத்தின் தழும்பானால், சொக்சோ சந்தாதாரர்கள் இன்னொரு கதவையும் தட்டலாம். அதன் மறுவாழ்வுச் சலுகைகளில் சீரமைப்பு அறுவையும் அடங்கும். விபத்து நடந்த அன்றே முதலாளியிடம் தெரிவித்து, மருத்துவ அறிக்கையையும் போலீஸ் புகாரின் நகலையும் பத்திரமாக வைத்திருந்தால் விண்ணப்பம் எளிதாகும்.