விசாரணைக்குரிய சாவுகள்: ஒரு வரலாற்று நோக்கு

சாவு யாவர்க்கும் பொது. எனினும் எல்லாச் சாவுகளும் அரசின் விசாரணைக்கு உரியன அல்ல. எவ்வகைச் சாவுகளை அறிவித்தலும் ஆராய்தலும் வேண்டும் என்னும் வரையறை காலந்தோறும் மாறி வந்துள்ளது. அம்மாற்றத்தின் காரணத்தை இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய இரு நாட்டு வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்தில் 1194-ஆம் ஆண்டு கொரோனர் என்னும் பதவி நிறுவப்பெற்றது. வன்சாவுகளையும் திடீர்ச் சாவுகளையும் விசாரித்தல் அவர்தம் கடமைகளுள் ஒன்று. ஆயினும் அக்கால விசாரணையில் அரச வருவாயே பெரிதும் கருதப்பட்டது. குற்றவாளியின் உடைமை அரசர்க்கு உரியதாயிற்று. சாவுக்கு ஏதுவான வண்டியோ விலங்கோ, அன்றி அதன் மதிப்போ அரசரையே சேர்ந்தது. பின்னைய வழக்கம் 1846-இலேயே ஒழிந்தது.

குடியேறியோர் வழியே இப்பதவி அமெரிக்காவிலும் வேரூன்றியது. 1877-இல் மாசசூசெட்சு மாநிலம் அதனை நீக்கி, மருத்துவப் பரிசோதகர் என்னும் பெயரால் மருத்துவரை அமர்த்தியது. எனினும், வன்முறையால் நேர்ந்தனவாகக் கருதப்பட்ட சாவுகளை மட்டுமே அவர் ஆராயலாம் என்பது அச்சட்டத்தின் வரையறை. வன்முறை நிகழ்ந்ததா என்பது ஆய்வின் முடிவில் தெளிய வேண்டுவது. அதனையே ஆய்வின் தொடக்கத்திற்கு நிபந்தனையாக்கின், நஞ்சூட்டப்பட்டவன் உடலில் காயமின்மையாலேயே ஆராயப்படாது புதைக்கப்படுதலும் கூடும்.

இக்குறையை நியூயார்க் நகரின் சட்டம் நீக்கிற்று. அந்நகரின் கொரோனர்கள் தேர்தலால் அமர்ந்தவர்கள். பிணம் அடக்குவோரும் குழாய்த் தொழிலாளரும்கூட அவருள் இருந்தனர். அவர்தம் சீர்கேட்டினை 1915-இல் வெளிவந்த அரசு அறிக்கை வெளிப்படுத்தவே, அவ்வாண்டே புதுச் சட்டம் இயற்றப்பட்டு 1918-இல் நடைமுறைக்கு வந்தது. சார்லசு நாரிசு முதல் தலைமை மருத்துவப் பரிசோதகரானார். அவர் அமர்த்திய அலெக்சாண்டர் கெட்லர் நஞ்சாய்வுக் கூடத்தை வளர்த்தார்.

அச்சட்டம் கூறும் சாவுகள் ஏழு வகைப்படும்: குற்ற வன்முறை, விபத்து, தற்கொலை ஆகியவற்றால் நேர்வன, நலமுடன் காணப்பட்டோர்க்குத் திடீரென நேர்வன, மருத்துவர் கவனிப்பின்றி நேர்வன, சிறையில் நேர்வன, ஐயத்திற்குரியனவும் வழக்கத்திற்கு மாறானவும் ஆவன. இவற்றுள் முதல் மூன்றும் சாவின் காரணத்தைச் சுட்டுகின்றன; ஏனைய நான்கும் சூழலைச் சுட்டுகின்றன. காரணம் அறிய மருத்துவர் வேண்டும். சூழலையோ அண்டை வீட்டாரும் அறிவர். ஆதலின் அறிவிக்கும் கடமை ஐயமின்றி நிறைவேறுகின்றது.

சிறைச் சாவு இவ்வரிசையில் இடம்பெற்றமை சிறப்பாகக் கருதத்தக்கது. ஒருவனைத் தன் காவலில் வைத்த அரசு அவன் சாவுக்கும் விடை கூறக் கடமைப்பட்டது. அரசரின் கருவூலத்திற்காகத் தோன்றிய விசாரணை, கேட்பாரற்று இறந்தவர்க்காகவும் கேள்வி எழுப்பும் முறையாக வளர்ந்தது. அமெரிக்காவில் இன்றும் இருமுறைகளும் அருகருகே நிலவுகின்றன; ஆதலின் ஒருவன் இறந்த இடமே அவன் சாவை ஆராய்பவர் யார் என்பதை முடிவு செய்கின்றது. அவ்வேறுபாடு நீங்குங்காறும் இவ்வரலாறு முற்றுப்பெற்றதாகாது என்பது எம் கருத்து.