மார்ஷான், லியோன்

லியோன் மார்ஷான் (பிறப்பு: 2002, துலூஸ்) தனிநபர் மெட்லி, அதாவது பட்டர்ஃபிளை, மல்லாந்த நீச்சல், மார்பு நீச்சல், ஃப்ரீஸ்டைல் ஆகிய நான்கையும் ஒருவரே இவ்வரிசையில் நீந்தும் போட்டியில், தலைசிறந்து விளங்கும் பிரெஞ்சு வீரர் ஆவார். பெற்றோர் இருவருமே மெட்லியில் ஒலிம்பிக் கண்டவர்கள்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில், மைக்கேல் ஃபெல்ப்ஸை உருவாக்கிய பாப் போமனிடம் பயின்ற இவர், 2008 முதல் ஃபெல்ப்ஸ் வசமிருந்த 400 மீட்டர் மெட்லி உலக சாதனையை (4:03.84) 2023இல் ஃபுகுவோகாவில் 4:02.50 எனத் திருத்தினார். சுவரை உதைத்துத் திரும்பியபின் நீருக்கடியில், கால்களைச் சேர்த்து டால்பின்போல் உதைத்து, விதி அனுமதிக்கும் 15 மீட்டரை ஏறக்குறைய முழுமையாகக் கடப்பதே இவருடைய தனிவலிமை. மற்றவர்கள் மூச்சுக்காக முன்னதாகவே மேலெழுந்துவிடும் இறுதித் திருப்பத்திலும் இவர் அதை விடுவதில்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்கு தனிநபர் தங்கங்களை வென்றார். அவற்றுள் 200 மீட்டர் பட்டர்ஃபிளையையும் மார்பு நீச்சலையும் ஒரே மாலையில் வென்றது, மெட்லிப் பயிற்சி தரும் பன்முகத் திறனுக்கு மிகச் சிறந்த சான்று. 2025இல் சிங்கப்பூரில் 200 மீட்டர் மெட்லியை 1:52.69இல் நீந்தி, ரயன் லாக்டி 2011இல் நிறுவிய 1:54.00 என்ற சாதனையையும் முறியடித்தார்.