கிணற்றின் ஆழம்

வித்தியாசமான மனவமைப்புள்ள இளைஞர்களையும் பெரியவர்களையும் திருத்தப் பார்க்காமல், அவர்களை அவர்களாகவே அங்கீகரித்துத் துணைநிற்கும் சிகிச்சை இப்போது பேசப்படுகிறது. புதிய கண்டுபிடிப்பு என்ற தொனியில்தான் பேசுகிறார்கள். ஆட்டிஸத்தின் சரித்திரத்தைப் புரட்டினால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழி ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கிறது. அதை யாரும் சிகிச்சை என்று மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

1943இல் பால்டிமோரில் டாக்டர் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இந்தச் சரித்திரத்தைத் தொடங்குவது வழக்கம். அதில் முதல் பையன் டொனால்டு ட்ரிப்லெட், மிஸிஸிப்பி மாநிலத்து ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரன். எண்ணுவதிலும் அளப்பதிலும் அவனுக்குப் பித்து. 1942இல் பெற்றோர் அவனை ஒரு பண்ணைக்காரத் தம்பதியிடம் விட்டார்கள். 1945இல் கேனர் அங்கே போய்ப் பார்த்தார். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணியவனிடம் குதிரை பூட்டிய ஏரைக் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் சொல்லியிருந்தார்கள். அளக்கும் பித்துக்கு ஒரு கிணறு: தோண்டி, ஆழத்தைச் சொல்ல வேண்டும். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் அவன் பொறுக்கி வந்தபோது, மயானத்துக்கென்று ஓர் இடம் ஒதுக்கித் தந்தார்கள். அங்கே ஒரு நத்தைக்கு அவன் வைத்த பெயர்ப்பலகையில் பண்ணைக்காரரின் குடும்பப் பெயரும் இருந்தது.

பின்னால் வந்தவர்கள் இந்தக் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. 1967இல் புரூனோ பெட்டல்ஹெய்ம் புத்தகம் எழுதித் தாய்மாரின் அன்பின்மையைக் குற்றம் சாட்டினார். லாஸ் ஏஞ்சலீஸில் இவார் லோவாஸ் 1960களில் அறையையும் மின் அதிர்ச்சியையும்கூடப் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார். வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்றக் குழந்தைகளைப் போல் ஆகிவிட்டதாக 1987இல் அறிவித்தார். இந்தப் 'போல்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. போல இருப்பதற்கு ஒருவன் ஆயுள் முழுதும் கொடுக்கும் விலை அந்தக் கணக்கில் வரவில்லை. ஆட்டிஸமுள்ளவரான ஜிம் சின்க்ளேர் 1993இல் டொரொண்டோவில் எழுந்து, எங்களைப் பற்றித் துக்கம் காக்க வேண்டாம் என்று பெற்றோர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்தாமல், சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைத்து, ஒளித்து வாழ்ந்த களைப்பைப் பற்றிப் பேசவிடும் இன்றைய முறை இப்படிப்பட்ட குரல்களுக்குக் கடன்பட்டது.

பண்ணையை நான் சொர்க்கமாக்க விரும்பவில்லை. டொனால்டின் குடும்பம் வசதியான வெள்ளைக் குடும்பம். ஊர் பாங்கே தாய்வழிச் சொத்து. 1971இல் கேனர் அந்த 11 பேரையும் பற்றி மறுபடி விசாரித்து எழுதினார். அரசு மனநல விடுதிகளில் விடப்பட்டவர்கள் ஒடுங்கிப்போயிருந்தார்கள். அங்கீகாரம் என்பது மனசு மட்டுமல்ல, இடமும்தான். டொனால்டுக்கு இடம் கிடைத்தது. 1958இல் பட்டம் பெற்று ஊர் பாங்கில் குமாஸ்தாவானார். கோல்ஃப் ஆடினார், தனியாக உலகம் சுற்றினார், 2023இல் 89ஆவது வயதில் சொந்த ஊரிலேயே இறந்தார்.

நானும் பாங்க் குமாஸ்தாதான். நான் முன்பு வேலை பார்த்த கிளையில், யார் முகத்தையும் பார்க்காமல் பேசும் ஒருவர் காஷ் கவுண்டரில் இருந்தார். எல்லா நோட்டிலும் காந்தி ஒரே பக்கம் பார்க்க வேண்டும் அவருக்கு. கணக்கு ஒரு நாளும் உதைத்ததில்லை. க்யூ நீண்டால் கை நடுங்கும். கேலி செய்தோம், நானும்தான். மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளே ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.