நாடாவிலிருந்து நிரலுக்கு

ஐரோப்பியச் செவ்விசைக்குள் மின்னணுவியல் நுழைந்தது வானொலி நிலையங்களின் வழியாகத்தான். ஒலிப்பதிவுக் கருவிகளும் அவற்றைக் கையாளத் தெரிந்தவர்களும் அப்போது அங்கேதான் இருந்தார்கள். 1948இல் பிரெஞ்சு வானொலிப் பொறியாளர் பியர் ஷெஃபேர், பாரிஸின் பாட்டினியோல் நிலையத்தில் பதிவு செய்த ரயில் எஞ்சின் ஓசைகளை இசைத்தட்டுகளில் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு ஓர் இசைத்துண்டை அமைத்தார்.

ஜெர்மனியின் கொலோன் வானொலிக் கூடம் வேறு வழியில் போனது. வெளியுலக ஓசை வேண்டாம், மின்கருவியில் பிறக்கும் ஒலியே போதும் என்பது அதன் தொடக்கக் கொள்கை. அங்கு கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் 1954இல் 'ஸ்டூடி 2' படைப்பை உருவாக்கியபோது ஒலிநாடா நொடிக்கு 76.2 செ.மீ. ஓடியது. அரை நொடி ஒலிக்கு 38.1 செ.மீ. நாடா. தாளக்கணக்கு அளவுகோலுக்கும் வெட்டி ஒட்டும் கைக்கும் வந்து சேர்ந்தது. 1956இல் அவரே ஒரு சிறுவனின் குரலை மின்னொலியோடு கலந்து 'இளைஞர்களின் பாடல்' படைப்பைத் தந்தார். ஒலிபெருக்கிகள் மட்டுமே இசைத்தன. வாத்தியக்காரருக்கு வேலை இல்லை.

கணினி முதலில் இசையமைக்க வந்தது. 1956இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரென் ஹில்லரும் லெனர்ட் ஐசக்சனும் 'இல்லியாக்' கணினியில் எண்களைத் தற்செயலாகப் பிறப்பித்து, இசை விதிக்கு ஒவ்வாதவற்றைக் கழித்தார்கள். எஞ்சிய சுரங்களை நால்வர் தந்தி வாத்தியக் குழு வாசித்தது. மறு ஆண்டே பெல் ஆய்வகத்தின் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய நிரல் ஒலியையே உண்டாக்கியது. ஒலியலையின் ஏற்ற இறக்கத்தை எண் எண்ணாகக் கணக்கிட்டு, பின்னர் அதை மின்னலையாக மாற்றினார்கள். முதல் துண்டு 17 நொடி. கணக்கு முடிந்த பிறகே அது காதில் விழுந்தது.

அந்தக் காத்திருப்பு ஒழிந்ததும் வாத்தியக்காரருக்கு இடம் கிடைத்தது. இசையமைப்பாளர் பியர் பூலேஸ் நிறுவிய இர்காம் இசை ஆய்வு மையம் 1977இல் பாரிஸில் திறக்கப்பட்டது. அவருடைய 'ரெப்போன்' 1981இல் அரங்கேறியபோது ஆறு தனி வாத்தியக்காரர்கள் அவையைச் சுற்றி அமர்ந்து வாசித்தார்கள். '4எக்ஸ்' கணினி அந்த ஒலிகளை அந்தக் கணமே மாற்றி ஒலிபெருக்கிகளில் சுழலவிட்டது. 1980களின் பிற்பகுதியில் மில்லர் பக்கெட் அங்கே எழுதிய நிரல், கலைஞரின் வாசிப்பைக் கணினி பின்தொடர வழிசெய்தது. மேக்ஸ் மேத்யூஸைச் சிறப்பிக்கும் வகையில் 'மேக்ஸ்' என்று பெயர் பெற்ற அந்த நிரல் இன்று சாதாரண மடிக்கணினியில் இயங்குகிறது.