பூணூலுக்கு அனுமதி, சமத்துவத்துக்கு வேண்டுகோள்

போன மாசம் நாமக்கல்ல ஒரு நண்பனோட கல்யாணம். மாப்பிள்ளை வீடு சி.எஸ்.ஐ., பொண்ணு வீடு கத்தோலிக்கம். மண்டபத்துல குத்துவிளக்கு ஏத்தலாமா வேண்டாமான்னு ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் அரைமணி நேரம் பேசினாங்க. இந்தப் பேச்சுக்கு நானூறு வயசு. அதுல ஒரு பகுதி, பக்கத்துல இருக்கிற சேந்தமங்கலம் வழியாவே போயிருக்கு.

1606-ல் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு மதுரைக்கு வந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியக் குரு ஏற்கெனவே பல வருஷமா இருந்தார். அவர் கோயிலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கடற்கரையிலிருந்து வந்த பரவர்களும் போர்த்துகீசியர்களும்தான். ஊர்க்காரங்க கண்ணுக்கு அது 'பரங்கி' மார்க்கம்.

நொபிலி காவி கட்டினார், மரக்கறிக்கு மாறினார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். தன்னிடம் ஞானஸ்நானம் வாங்கினவங்க பூணூல், குடுமி, சந்தனத்தை விட வேண்டாம்னார். அதெல்லாம் குல அடையாளம், மத அடையாளம் இல்லை என்பது அவர் வாதம். இல்லை, அது மதச் சடங்குதான் என்றார் பெர்னாண்டஸ். ரெண்டு பேரும் ஒரே ஊர், ஒரே சபை. ஆனா கோயில் வேற.

வழக்கு 1619-ல் கோவாவில் விவாதமாகி ரோம் வரை போனது. 1623 ஜனவரி 31-ல் பதினைந்தாம் கிரெகோரி தீர்ப்பு சொன்னார்: மூடநம்பிக்கை கலக்காமல் இருந்தால் பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சரி.

அதே வருஷம் நொபிலி மதுரையிலிருந்து வடக்கே கிளம்பினார். திருச்சி, சேந்தமங்கலம், சேலம். சேந்தமங்கலத்தை ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். சேலத்து நாயக்கரின் சகோதரர் திருமங்கல நாயக்கர் 1625-ல் கிறிஸ்தவரானார். ஆக, நொபிலி பாணி நம்ம பக்கம் வேலை செஞ்சிருக்கு.

இதுவரைக்கும் கேட்டா நொபிலிதான் ஹீரோ. நானும் காலேஜ் படிக்கிறப்போ அப்படித்தான் நினைச்சேன். ஆனா அந்தத் தீர்ப்புல இன்னொரு பகுதி இருக்கு. உயர்குலத்தார் மற்றவர்களை இழிவா பார்க்க வேண்டாம்னு போப் கேட்டுக்கறார். கவனிங்க: பூணூலுக்கு அனுமதியே கிடைச்சது. ஒண்ணா உட்காருவதுக்குக் கிடைச்சது வெறும் வேண்டுகோள்.

அந்த வித்தியாசம் சும்மா விடல. 1640 வாக்குல பிராமணரல்லாத சாதியாருக்காகப் 'பண்டாரசாமிகள்' என்று தனி குருமார் வந்துட்டாங்க. அந்நியத்தன்மையைக் குறைக்க எடுத்த வழி, உள்ளூர்ப் பிரிவினையை அப்படியே கோயிலுக்குள்ள கூட்டிட்டு வந்துடுச்சு. அதே சமயம் பெர்னாண்டஸ் வழியில போயிருந்தா, மதம் மாறுறவர் தன் ஊர், மொழி, உடை எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் வரணும். ரெண்டுலயும் விலை இருந்தது. அதை யார் கொடுத்தாங்க என்பதுதான் கேள்வி.

கல்யாணத்துல கடைசியா விளக்கு ஏத்தினாங்க. எனக்கு அதுல சந்தோஷம்தான். ஆனா பந்தியில யார் பக்கத்துல யார் உட்கார்ந்தாங்கன்னும் பார்த்தேன். நீங்களும் அடுத்த கல்யாணத்துல பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.