தன் பிள்ளை

வையம்பட்டியில் நான் பார்த்த தொடக்கப்பள்ளி வகுப்பில் பிள்ளைகள் தாழ்ந்த கரும்பலகையில் தாமே எழுதிக்கொண்டிருந்தார்கள். 2007இல் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலுக்கு மாண்டிசோரி முறையும் ஒரு வேர்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். 1898இல் மணமாகாமல் பெற்ற மரியோவை மரியா மாண்டிசோரி பிறர் வீட்டில் வளரவிட்டார். பின்னாளிலும் உறவினர் என்றே அறிமுகப்படுத்தினார். மருத்துவராக இருந்தும் தன்னைத் தாய் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வழியில்லை.

1939இல் இருவரும் அடையாறு வந்தார்கள். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மரியோவைக் காவலில் வைத்தது. ஆகஸ்ட் 31, மரியாவின் 70ஆம் பிறந்தநாளில் விடுவித்தது. வைஸ்ராயின் செய்தி அவரை ‘மகன்’ என்றது.

பிறகு கொடைக்கானலில் தாயும் மகனும் 6 முதல் 12 வயதினருக்கான பாடங்களை உருவாக்கினார்கள். அவ்வகுப்பின் முதல் கதை, பிரபஞ்சம் பிறந்த கதை. ஒரு பிள்ளை பிறந்ததைச் சொல்லத்தான் 42 ஆண்டுகள் ஆயின; அதையும் சொன்னது அவரல்ல.