மெல்ல ஓடினால் நின்றுபோகும் படகு எஞ்சின்



லிங்கி ஆறு கடலில் கலக்கும் இடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு கரை நெகிரி செம்பிலான், எதிர்க்கரை மலாக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங்கில் தோண்டிய ஈயம் இந்த ஆற்றின் வழியாகத்தான் கடலுக்கு வந்தது. 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இரயில் ஓடத் தொடங்கும்வரை ஆறுதான் பெரிய பாதை. அந்தப் படகுகளைத் துடுப்பும் கழியும் மனிதனின் தோளும் நகர்த்தின. தோள் வலிக்குமே தவிர, நடு ஆற்றில் திடீரென்று அணைந்து போகாது.

சில ஆண்டுகளுக்கு முன் இதே கழிமுகத்தில் ஒரு சிறு படகில் உட்கார்ந்திருந்தேன். படகு என் நண்பருடையது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர்; ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, இரண்டு சிலிண்டர் உள்ள பழைய எஞ்சின் ஒன்றை வாங்கியிருந்தார். கடலில் அது குதிரை போல் பறந்தது. ஆற்று வாய்க்கு வந்து வேகத்தைக் குறைத்தோம். உடனே எஞ்சின் உதறியது, இருமியது, நின்றுவிட்டது. நீரோட்டம் படகை மீன்பிடிக் கழிகள் நட்டிருந்த பக்கம் இழுத்தது. நண்பர் கயிற்றைப் பத்துத் தடவை இழுத்திருப்பார். கடைசியில் துடுப்புதான் எங்களைக் கரை சேர்த்தது.

“பட்டறையில கேட்டேன் அண்ணே. எஞ்சின் முடிஞ்சு போச்சு, வேற வாங்கிக்குங்கன்னு சொல்லிட்டாங்க” என்றார் அவர்.

வேகத்தில் பறந்த எஞ்சின் எப்படி முடிந்துபோன எஞ்சின் ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை எஞ்சினின் வரலாற்றிலேயே இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் வந்த ரஜூலா கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1926-இல் கட்டப்பட்ட அது நீராவிக் கப்பல். கொதிகலனில் நீராவி சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். எஞ்சின் எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும், அறவே நின்றாலும், வால்வைத் திறந்தால் நீராவி மறுபடி தள்ளும். பெட்ரோல் எஞ்சினுக்கு அப்படிச் சேமிப்பு கிடையாது. அன்றாடக் கூலிக்காரன் மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த சுற்றுக்கான காற்றையும் பெட்ரோலையும் தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். சுற்று மெதுவானால் மூச்சும் குறைகிறது. ‘மெல்ல ஓடினால் நின்றுபோகும்’ என்ற தொல்லை பெட்ரோல் எஞ்சினோடு கூடப் பிறந்தது.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் முதல் மோட்டார் வண்டிக்கு 1886-இல் காப்புரிமை பெற்றார். அதில் பெட்ரோலின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியைக் காற்றோடு கலந்து எரித்தார். 1893-இல் வில்ஹெல்ம் மைபாக் என்ற மற்றொரு ஜெர்மானியர் வேறு வழி கண்டார். குறுகிய குழாயில் காற்று பாயும். அதன் நடுவே மெல்லிய மூக்கு ஒன்று. காற்றின் வேகம் அந்த மூக்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தூறலாக்கும். இதுதான் கார்புரேட்டர். அதே ஆண்டில் ஹங்கேரி நாட்டில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் இதே வழியைக் கண்டார்கள். தெருவில் பூக்காரப் பெண் ஒருத்தி பூவின்மேல் நீர் தெளிப்பதைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். மெய்யோ பொய்யோ, நல்ல கதை.

லயத்து வீடுகளில் கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பு இருந்தது நினைவிருக்கிறதா? வேகமாகத் தள்ளினால் மருந்து புகையாய்ப் பறக்கும். மெதுவாகத் தள்ளினால்? நுனியில் ஒரு சொட்டு தொங்கும், அவ்வளவுதான். மைபாக்கின் மூக்கும் அப்படியே. ஆகவே பின்னால் வந்தவர்கள் கார்புரேட்டரில் இன்னொரு வழியும் வைத்தார்கள். காற்றை அடைக்கும் தகட்டுக்கு அப்பால், எஞ்சின் பக்கமாக, ஊசி முனை அளவில் ஒரு துளை. தகடு மூடியிருக்கும்போது எஞ்சின் உறிஞ்சும் இழுவை முழுவதும் அந்தத் துளையின்மேல் விழும்; அதன் வழியாக வரும் சொற்பப் பெட்ரோலில் எஞ்சின் மெல்ல ஓடும். மெக்கானிக்குகள் ‘ஸ்லோ ஜெட்’ என்று சொல்வது இந்த வழியிலுள்ள சிறு குழலைத்தான். கார்புரேட்டரிலேயே மிகச் சிறிய வழி என்பதால், அடைத்துக்கொள்வதிலும் அதுவே முதலாவது. கப்சாய் மோட்டார் சைக்கிள் சாலையில் பறந்துவிட்டுச் சிவப்பு விளக்கில் அணைந்து போவதும் பல சமயம் இதனால்தான்.

இனி படகுக்கு வருவோம். படகின் பின்புறத்தில் மாட்டும் எஞ்சினைப் பரவலாக்கியவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் 1877-இல் பிறந்து, சிறு பிள்ளையாக அமெரிக்கா போனவர். ஒரு வெயில் நாளில், தாம் மணக்கவிருந்த பெண்ணுக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்தாராம்; திரும்பி வருவதற்குள் ஐஸ்கிரீம் கரைந்துவிட்டதாம். 1909-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சினுக்கு ஒன்றரைக் குதிரைத்திறன். எடை 62 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 28 கிலோ. அதில் கியர் இல்லை. எஞ்சின் கிளம்பினால் படகும் கிளம்பும். படகு நிற்க வேண்டுமானால் எஞ்சினை அணைக்க வேண்டும். மெல்ல ஓடிக்கொண்டு காத்திரு என்று அதனிடம் யாரும் அதிகம் கேட்கவில்லை.

1949-இல் ஜான்சன் நிறுவனத்தின் 10 குதிரைத்திறன் எஞ்சின் வந்தது. முன்னே, பின்னே, நடுநிலை என்று கியர் வந்தது; தனிப் பெட்ரோல் தொட்டியும் வந்தது. படகோட்டிகளுக்குப் பெரிய வசதி. ஆனால் நடுநிலை வந்த பிறகு எஞ்சின் சும்மா நின்றபடி ஓடியே ஆக வேண்டும். தொட்டி தனியானதும் குழாயும் வந்தது; குழாய் இருந்தால் விரிசலும் உண்டு. 1960-இல் யமஹா தன் முதல் படகு எஞ்சினை வெளியிட்டது. பிறகு ஜப்பானிய எஞ்சின்கள் நம் கரையோரங்களிலும் நிறைந்தன. எவின்ரூட் பெயரில் எஞ்சின் செய்வது 2020-இல் நிறுத்தப்பட்டது. இப்போது வரும் புதிய எஞ்சின்கள் பலவற்றில் கார்புரேட்டரே இல்லை. ஆனால் நம்மைப் போன்றவர்கள் வாங்குவது புதிய எஞ்சின் அல்லவே!

ஆகவே எஞ்சின் நின்றால், எப்போது நின்றது என்று கவனியுங்கள். வேகத்தில் நன்றாக ஓடி, மெதுவில் மட்டும் நின்றால் அந்த ஊசித் துளையைச் சந்தேகிக்கலாம். மெதுவில் ஓடி, வேகம் கொடுத்தால் நின்றால் கோளாறு பெரிய ஜெட்டிலோ பெட்ரோல் வரும் பாதையிலோ இருக்கக்கூடும். கிளம்பிச் சில நிமிடங்கள் ஓடிவிட்டு நின்றால், தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துளையைத் திறந்தீர்களா என்று பாருங்கள். அது மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்று புகாது, பெட்ரோலும் வராது. குழாயின் நடுவேயுள்ள ரப்பர் குமிழைப் பிசைந்தால் எஞ்சின் தேறுகிறதா? அப்படியானால் குழாயிலோ பம்பிலோ பழுது. மெதுவில் ஓடிக்கொண்டிருந்து, கியர் போட்ட கணத்தில் நின்றால் மெதுவோட்டத்தின் அளவே குறைந்திருக்கலாம். பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். இரண்டில் ஒன்று மட்டும் கறுத்து எண்ணெயில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓடும் எஞ்சின்களை நெடுநேரம் மெதுவில் விட்டாலும் பிளக் இப்படி ஆவதுண்டு.

நண்பரின் எஞ்சினை அவர் வீட்டுப் பின்புறத்தில், தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓட்டினோம். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் குளிர்ச்சித் தண்ணீர் இறைக்கும் பம்பு கெட்டுவிடும். பிளக்குகள் இரண்டும் சரியாக இருந்தன. மெதுவில் மட்டும் நின்றது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வெளியில், பக்கத்தில் சிகரெட்டோ அடுப்போ இல்லாமல் கார்புரேட்டரைக் கழற்றினோம். மெதுவோட்டத் திருகைக் கழற்றுமுன் அது எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணி ஒரு தாளில் எழுதிக்கொண்டார் அவர். வருகைப் பதிவு பார்க்கும் கிராணியை விடக் கவனமாக எழுதினார்.

ஸ்லோ ஜெட்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தோம். வெளிச்சம் வரவில்லை.

மங்கில் விட்ட பால் மறுநாள் கட்டியாவது போல, மாதக்கணக்கில் நின்ற எஞ்சினுக்குள் பெட்ரோல் வற்றிப் பிசினாகியிருந்தது. அவர் கம்பியை எடுத்தார். நான் தடுத்தேன், கம்பி குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு அளவு போய்விடும். கார்புரேட்டர் கழுவும் மருந்தில் ஊற வைத்து, காற்று அடித்தோம். மூன்றாம் தடவை வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. புது கேஸ்கெட் போட்டு மாட்டினோம். டிரம்மில் எஞ்சின் மெல்ல, சீராக, கால் மணி நேரம் ஓடியது. அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னும் எவ்வளவு நேரம் இந்தச் சத்தம்?” என்று கேட்டார். நண்பர் அணைக்க மனமில்லாமல் நின்றார்.

இப்போது சில வாரங்கள் கடலுக்குப் போகாமல் இருந்தால், கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து கிண்ணத்தில் மீந்த பெட்ரோலை வடித்துவிடுகிறார். துடுப்பு மட்டும் படகிலேயே இருக்கிறது.